வேன் சாவி என் கையில்

ஏழு வயதிலிருந்து எனக்கு வலிப்பு. அதனால் சைக்கிள் கூடாது, கிணற்றடி கூடாது, அடுப்பு கூடாது. அடுப்பு கூடாது என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. மாத்திரை தின்று தின்று ஈறு வீங்கி, சிரித்தால் பல்லைத் தேட வேண்டும். மறதி வேறு. இத்தனைக்கும் நடுவில், தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை கிடைத்தது. வலிப்பைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை. தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாம் மாதம், காலை ஷிப்டுக்குப் போகும்போது, ஒரகடம் தாண்டி, கம்பெனி வேனிலேயே வலிப்பு வந்துவிட்டது. இனி வருவது பிறர் சொல்லிக் கேட்டது. என் வாழ்க்கையின் முக்கியமான கட்டங்களில் நான் இருப்பதில்லை.

"இரும்பு குடுங்க, இரும்பு!" என்று எல்லாரும் கத்த, பதற்றத்தில் டிரைவர் அண்ணன் வண்டிச் சாவியையே உருவி என் கையில் திணித்துவிட்டார். வண்டி நின்றது. சற்று நேரத்தில் வலிப்பும் நின்றது. ஆனால் அரை மயக்கத்தில் நான் சாவியை விடவில்லையாம்.

"இது எங்க வூட்டு பீரோ சாவி, குடுக்கமாட்டேன்!"

"பீரோ பக்கமே போவமாட்டோம்மா, சாவியக் குடு" என்று டிரைவர் அண்ணன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார்.

முக்கால் மணி நேரம் தாமதம். கேட்டில் சூப்பர்வைசர் காரணம் கேட்டார். வேலை போயிற்று என்று முடிவுகட்டினேன்.

"பஞ்சர் சார்" என்றார் டிரைவர் அண்ணன். அதே நொடியில் என் பக்கத்து சீட் அக்கா, "எரும குறுக்க வந்துட்ச்சு சார்" என்றார்.

"எருமையா பஞ்சர் பண்ணுச்சு?"

"ஆமா சார்" என்றது மொத்த வேனும். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே விட்டார்.

மறுநாள் எங்கள் ஊர் படப்பையில் வேனுக்காக நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு முறை வலிப்பு வந்ததற்கே, அதன்பின் பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வேன் நிற்காமல் போய்விடும் என்றே நினைத்தேன். நின்றது. டிரைவர் அண்ணன் ஒரு பழைய ஸ்பேனரை நீட்டினார்.

"இந்தாமா, இது உனுக்கு. வண்டி சாவியக் கேக்காத."

"இரும்பெல்லாம் வேணாம்ணா. ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும்னு டாக்டர் சொல்லிகிறாரு."

"அத்தயும் பண்றோம், ஏறு."

என் இடத்தில் யாரும் உட்காராதபடி அக்கா தன் டிபன் பாக்ஸை வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "குந்து" என்றார்.