உதைக்காத பசுவும் ஒரு கிரேக்கச் சொல்லும்

விதி ஒன்பதின்படி, மறுமதிப்பீடு கோரும் மனுவுக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அஞ்சல்வழிக் கிரேக்கப் பாடத்தின் கையேட்டில் அப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள். தாலுகா அலுவலகத்தில் இதுபோன்ற விதிகளோடு காலம் தள்ளியவன் என்பதால் நான் அதை நம்பி ஏமாறவில்லை.

ஓய்வுபெற்ற ஒருவன் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து பழைய கிரேக்கம் படிக்க எந்த அவசியமும் இல்லை. அதனால்தான் சேர்ந்தேன். முதல் நிலைத் தேர்வில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றேன். தேறாவிட்டால் இரண்டாம் நிலைப் பாடம் வராது.

அந்த மதிப்பெண் போனது 'ப்ராவொஸ்' என்ற பெயரடையில். ஆண்பாலுக்கு 'ப்ராவொஸ்', பெண்பாலுக்கு மட்டும் வேறோர் அடியிலிருந்து 'ப்ரயெய்யா' என்று வரும், காலியிடத்துக்குப் பக்கத்து அலுவலகத்திலிருந்து அயல்பணியில் ஆள் எடுத்ததுபோல. வடிவங்களைச் சரியாகவே எழுதியிருந்தேன். விலங்குகளுக்குச் சொல்லும்போது பொருள் என்ன என்ற கேள்விக்கு 'சாது' என்று எழுதினேன். திருத்தியவர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு 'வலுவற்ற' என்று போட்டிருந்தார்.

விடைத்தாள் வந்த மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். பக்கத்துத் தெருவில் பசு வளர்க்கும் அம்மா, அதன் காலைக் கட்டாமலே உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார்.

"இது தெம்பில்லாத மாடாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னா சார், காலங்காத்தால? நேத்து ஒரு நாய் கன்னுக்குட்டியாண்ட வந்துச்சு. கொம்பால ஒரே தூக்கு, வேலிக்கு அந்தாண்ட போயி வுழுந்துச்சு. எங்கிட்ட சாதுவா நின்னுகினு இருக்குது, அவ்ளோதான். ஒதைக்கத் தெரியாம இல்ல."

பழக்கிய குதிரையைக் கிரேக்கர்கள் 'ப்ராவொஸ்' என்று சொன்னதும் இதே பொருளில்தான். விவரத்தைச் சொல்லி, அந்த அம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக் கையெழுத்து வாங்கி, மனுவோடு இணைப்பு ஒன்றாக வைத்தேன்.

"மாட்டுக்கு இன்னாத்துக்கு சார் சர்டிபிகேட்டு? சந்தேகம்னா அந்த வாத்தியார வந்து கறந்து பாக்கச் சொல்லுங்க."

நேராய்வுக்கு வசதி உண்டு என்று அதையும் மனுவில் சேர்த்தேன்.

அனுப்பியது பங்குனியில். சித்திரையில் ஒரு நினைவூட்டு, வைகாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று. கோபம் வரவில்லை, மூன்றாவது நினைவூட்டின் வாசகம் எனக்கே பிடித்திருந்தது. "வாத்தியாரு இன்னும் வர்லியா சார்?" என்று அந்த அம்மா தினமும் கேட்பார். இல்லை என்றால் கொசுறு பால் கொஞ்சம் தாராளமாக விழும்.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது, இரண்டாம் நிலைப் பாடம் தனியே அனுப்பப்படும், நேராய்வு தேவைப்படவில்லை. இடது மூலையில், பழைய வழக்கப்படி, பெறப்பட்ட தேதியைக் குறித்தேன்: ஆடி பதினெட்டு.