எங்களுக்கு வராத வருத்தம்

புலம்பெயர்ந்து வந்து மல்வேர்ன் பகுதியில் குடியிருந்தபோது, நாற்பத்திரண்டு வயதில் மறுபடி அப்பாவாகப் போவதாகத் தெரிந்தது. மனைவியின் இரத்தத்தில் சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு இருந்தது. எனக்கும் இருந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வரலாம் என்றார் எங்கள் தமிழ் டொக்டர்.

“அது ஆபிரிக்க ஆக்களின்ர வருத்தமெல்லோ? எங்களுக்குச் சுகரும் பிரஷரும்தானே!” என்றேன்.

“அண்ணை, இந்தக் கூறு மலேரியாவை மட்டுப்படுத்தும்; அதனால மலேரியா இருந்த கனஇடங்களில இதுவும் இருக்கு. அரேபியா, கிரேக்கம், இந்தியா, எங்கட நாட்டிலயும் சிலருக்கு. மலேரியா நுளம்பு பாஸ்போர்ட் பாத்தே கடிச்சது?” என்றார் டொக்டர்.

“வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கோ!” என்றாள் மனைவி.

இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. எனக்கு இல்லை என்றதும் பஸ்ஸிலேயே அவளைக் கட்டிப்பிடித்தேன். மகள் சுகமாகப் பிறந்தாள்.

இப்போது கலியாணப் பொருத்தம் பார்க்கச் சாதகத்தோடு திரிகிறவர்களிடம், “இரத்தமும் பாத்தாச்சோ?” என்று கேட்கிறேன். கலியாணத் தரகர்கள் என்னைக் கண்டால் வீதி மாறுகிறார்கள். நானும் மாறிப் போய்க் கேட்கிறேன்.