ஏழாம் பந்தியில் ஒரு கோப்பி

இரத்தினசிங்கம் மாமா மீன் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமைகளில், டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டேக்கு மீன் வான் வரும். மாமா ஒவ்வொரு மீனின் செவுளையும் கிளப்பிப் பார்ப்பார், கண்ணை அமத்துவார், எப்போது பிடித்தது என்று விசாரிப்பார். பின்னால் நிற்கிற டேனிஷ்காரர் பெருமூச்சு விட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். வாங்கியபின் மீன்காரனுக்கு இரண்டு தரம் நன்றி சொல்லுவார்.

அந்த மனிதர்தான், தொழிற்சாலை அவரைப் போகச் சொல்லித் தாளை நீட்டியபோது, அதே தொழிற்சாலையிடம் “நல்ல லோயர் ஒருத்தரைச் சொல்லுங்கோ” என்று கேட்டுவிட்டு வந்தார். ராசமலர் மாமி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

ஊருக்கு வெளியே இருக்கிற யன்னல் தொழிற்சாலையில் மாமாவுக்கு இருபத்தேழு வருட வேலை. மரச்சட்டம் அறுக்கிற பகுதி. போன வருடம் மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். புது மனேச்சரும், ஆளணிப் பிரிவில் வேலை செய்கிற மெட்டெ என்ற பெண்ணும் இருந்தார்கள். மூன்று பக்கத் தாள். ஆட்குறைப்பு என்றார்கள். பத்து நாளுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். விரும்பினால் ஒரு லோயருக்குக் காட்டலாம், செலவைக் கொம்பனி பார்க்கும். இன்றையிலிருந்து வரத் தேவையில்லை. கதவுத் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். அலுமாரிக்குள் இருக்கிற சாமான்களைப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்புவோம்.

மாமா நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

நான் இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். அன்று பின்னேரம், இரவல் வாங்கியிருந்த துளை மெசினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மாமி அதைத் தொடாமல், ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெட்டெ ஒரு ஆளின்ர பேர் தந்தவ. வெள்ளிக்கிழமை வைலேக்குப் போகவேணும்,” என்றார் மாமா.

“ஆர் தந்தது?”

“மெட்டெ. அவ நல்ல பிள்ளையப்பா.”

“உங்களைக் கலைக்கிறவையே உங்களுக்கு லோயரும் பாத்துத் தருகினமோ? செவுள் கிளப்பிப் பாக்கிற மனுசன், மீன்காரனிட்டையே ‘நல்லதா நீயே எடுத்துப் போடு’ எண்டிட்டு வந்து நிக்கிறார். பாரும் தம்பி!”

“காசு அவைதானே குடுக்கினம். அவையைக் கேக்கிறதுதான் முறை.”

மாமா அப்படித்தான். ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் வீட்டுக்காரர் வைக்கிறதைத்தான் சாப்பிடுவார். கை நீட்டித் தானாக ஒரு கரண்டி எடுக்க மாட்டார். கோயிலில் மைக் வயர் அறுந்தால் நிலத்தில் படுத்துத் திருத்துகிறவர் அவர்தான், ஆனால் நிர்வாகத்தில் இருக்கச் சொன்னால் செருப்பைத் தேடுவார்.

தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, எங்கள் இருவருக்கும் இல்லாமல் மேசைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அனுப்பினா அனுப்பட்டும். பெட்டியில போட்டு அனுப்புவினமாம். என்ர கோப்பையையும் சப்பாத்தையும். செத்த ஆளின்ர உடுப்பை அனுப்புற மாதிரி.”

அந்தத் தொழிற்சாலையில் யார் விலகினாலும் ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்துத் தொடங்குகிற ஒன்பதே கால் கோப்பி இடைவேளையில் விலகுகிறவர் கேக் கொண்டு வருவார், எல்லாரும் கை குலுக்குவார்கள். மூன்று மாதம் வேலை செய்தவனுக்கும் அது நடந்திருக்கிறது. “இருவத்தேழு வருசமா எல்லாற்ற கேக்கும் திண்டிருக்கிறன்,” என்றார் மாமா. அவர் என்ன கேட்கிறார் என்பது அன்றே எனக்கு விளங்கியது. அதை ஒரு லோயரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வைலே நகரத்துக்கு, மெட்டெ சொன்ன லோயரிடம் போனார். வரவேற்பறையில் நல்ல கதிரை, நல்ல கோப்பி. சுவரில் ஒரு கலண்டர். மாசி மாதப் படத்தில் கடற்கரை வீடொன்று, வீட்டில் பெரிய யன்னல், கீழே அவருடைய தொழிற்சாலையின் பெயர். அதே கலண்டர் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையிலும் தொங்குகிறது. கொம்பனி அதை நத்தார் பண்டிகைக்குத் தன் வேலையாட்களுக்கும் தனக்கு வேண்டப்பட்டவர்களுக்கும்தான் அனுப்பும்.

மாமா கோப்பியைக் குடித்து முடித்தார். குடிக்காமல் எழும்புவது மரியாதை இல்லை. பிறகு வரவேற்பாளரிடம், காரை நிறுத்திய நேரத்தைக் காட்டுகிற மணிக்கூட்டைக் கண்ணாடியில் திருப்பி வைக்க மறந்துவிட்டேன், ஒரு நிமிடத்தில் வருகிறேன் என்று சொன்னார். நேரே பிராண்டேக்கு வந்து சேர்ந்தார்.

“பொய் சொல்லிப்போட்டு வந்திட்டன்,” என்றார், வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி.

“இப்பதான் செவுள் பாத்திருக்கிறியள்,” என்றார் மாமி.

அன்று இரவே ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிற நவரத்தினத்தாரின் மகன் தாரகனுக்குப் போன் போட்டார்கள். தாரகன் லோயர். எங்கள் ஆள். மாமா போனை மேசையில் வைத்துக் குனிந்து கதைத்தார், மாமி எதிரில் நின்று குனிந்தார்.

“மாமா, தொழிற்சங்கத்தில இருக்கிறியள்தானே?”

“ஓம், மாசம் மாசம் கட்டுறன்.”

தாரகன், காசு கட்டச் சொல்லி வருகிற கடிதத்தின் தலைப்பை வாசிக்கச் சொன்னான். மாமா இத்தனை வருடமும் கட்டியது வேலையிழப்புக் காப்புறுதி மட்டும்தான். இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தார்.

“சரி, பறவாயில்லை. ஆனா நான் வீடு வாங்கிற விக்கிற ஆக்களின்ர லோயர். இந்த விசயம் எனக்குச் சரியாத் தெரியாது.”

“எங்கட பிள்ளையெண்டு கேட்டனான்…”

“எங்கட பிள்ளையெண்டு பல்லுக்கொதிக்குக் கண் டொக்டரிட்டப் போவியளோ மாமா?”

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“முதலாளிமாருக்கு வேலை செய்யாத ஆளாப் பாருங்கோ. வேலை செய்யிற ஆக்கள் பக்கம் மட்டும் நிக்கிற லோயர்மார் இருக்கினம். போய் இருந்த உடனை, ‘எங்கட கொம்பனிக்கு எப்பவாவது வேலை செய்தனீங்களோ’ எண்டு கேளுங்கோ. வெக்கப்படாமக் கேளுங்கோ. முகம் சுழிச்சா எழும்பி வாங்கோ. இந்த முறை பொய் சொல்லத் தேவையில்லை.”

மகள் அபிதா தேடி ரண்டர்ஸில் ஒருவரைக் கண்டுபிடித்தாள். பெயர் கத்தரீனா. சைக்கிள் கடைக்கு மேலே சின்ன அலுவலகம். திங்கட்கிழமை அபிதா லீவு போட்டுவிட்டுக் கார் ஓடினாள். வழி முழுக்க மாமா அந்த ஒரு கேள்வியை டேனிஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற அபிதா, அன்று “அப்பா, நல்லாத்தான் சொல்றியள், விடுங்கோ” என்று தமிழிலேயே சொன்னாளாம்.

அறைக்குள் போனதும் மாமா முதலில் சுவரைப் பார்த்தார். ஒரு படம் மட்டும், பேரப்பிள்ளை கீறியது. பிறகு கேள்வியைக் கேட்டார்.

கத்தரீனா முகம் சுழிக்கவில்லை. “இல்லை. உங்கள் கொம்பனிக்கும் இல்லை, வேறு எந்தக் கொம்பனிக்கும் இல்லை. என் கணக்கை அவர்கள் கட்டினாலும் நான் உங்கள் ஆள்தான்,” என்றார். பிறகு மூன்று பக்கத்தையும் வாசித்தார். வாசிக்க நெடுநேரம் எடுத்தார். மாமாவுக்கு அது பிடித்தது.

“அங்கே உங்களுக்கு ஏதாவது பதவி இருந்ததா?”

“இல்லை,” என்றார் மாமா.

அபிதா திரும்பிப் பார்த்தாள். “அப்பா, அந்த மஞ்சள் வெஸ்ட்?”

“அது பதவியோ? கூட்டத்தில ஆர் செய்வினம் எண்டு கேட்டவங்கள். ஒருத்தரும் கை தூக்கேல்லை. கேட்ட மனுசன் பாவமா நிண்டான். நான் தூக்கினன்.”

அபிதா அதை அப்படியே டேனிஷில் சொன்னாள். கத்தரீனா பேனையைக் கீழே வைத்தார். மாமா ஆறு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் மஞ்சள் வெஸ்ட் போடுகிற பாதுகாப்புப் பிரதிநிதி. வேலையாட்கள் தெரிந்தெடுத்தவர். அப்படிப்பட்டவரைச் சும்மா ஆட்குறைப்பு என்று அனுப்ப முடியாது, சட்டத்தில் அவருக்குத் தனிக் காவல் உண்டு. அண்மையில் பாதுகாப்புக்காக எதையாவது நிறுத்தியது உண்டா என்று கத்தரீனா கேட்க, “தை மாசம், மரம் அறுக்கிற வாளொண்டு மூடி உடைஞ்சு கிடந்தது. சிவப்பு நாடா கட்டி ரண்டு நாள் நிப்பாட்டினனான், ஆரும் விரலை விட்டிடுவாங்கள் எண்டு,” என்றார் மாமா, ஏதோ பிழை செய்தவர்போல. தாள் வந்தது அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு.

“இதை ஏன் முதலில் சொல்லவில்லை?”

“சொல்லிக்கொண்டு திரியிற விசயமோ அது?”

கத்தரீனா கொஞ்சம் சிரித்தார். அன்றைக்கே எழுதலாம் என்றார். நின்று போராடினால் வேலையையே திருப்பிக் கேட்கலாம். அல்லது நல்ல நிபந்தனைகளோடு விலகலாம். “எது நல்லது என்று நான் சொல்லலாம். ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும்?”

மாமா மகளைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். அந்த யன்னல் சட்டத்தை யார் செய்தது என்றும் பார்த்திருப்பார்.

“வேண்டாமெண்ட வீட்டில இருந்து சாப்பிடேலாது,” என்றார். “நான் விலகிறன். ஆனா ஒரு நாள் திரும்பிப் போகவேணும். ஒன்பதே கால் கோப்பிக்கு. மனுசியும் வரவேணும். என்ர சாமானை நான் எடுத்துக்கொண்டு முன்வாசலால வரவேணும்.”

சொல்லும்போது அப்பாவின் குரல் உடைந்தது என்று அபிதா பிறகு எனக்குச் சொன்னாள். கத்தரீனா அதைக் கவனிக்காததுபோல் எழுதிக்கொண்டிருந்தாராம். நல்ல லோயர்தான்.

இரண்டு கிழமை கடிதம் போய் வந்தது. கொம்பனி மற்ற எல்லாவற்றுக்கும் இறங்கி வந்தது. மாமாவுக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தால் குறைவில்லை. ஆனால் கோப்பிக்கு மட்டும் மனேச்சர் இழுத்தடித்தார். அப்படி ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கமில்லையாம். கத்தரீனா ஒரே வரியில் பதில் போட்டார்: வழக்கத்தை நிறுத்தியது நீங்கள், ஆகவே எழுதத்தான் வேண்டும். கடைசியில் அது ஏழாம் பந்தியாக வந்தது. ‘பணியாளரும் அவரது துணைவியும் காலை இடைவேளையில் சக பணியாளர்களிடம் விடைபெறுவர். சிற்றுண்டியைப் பணியாளர் கொண்டு வருவார். காலம் முப்பது நிமிடம்.’ மாமா அந்தப் பந்தியை மட்டும் எனக்கு டேனிஷில் உரக்க வாசித்துக் காட்டினார். கவிதைப் புத்தகங்கள் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். ஒரு வரியை இவ்வளவு திருப்தியாக யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

“சிற்றுண்டியாம்,” என்றார் மாமி. “நூற்றியிருவது றோல்ஸ் சுத்தப்போறது ஆர்?”

பங்குனி நடுவில் ஒரு புதன்கிழமை அது நடந்தது. மாமா கோட் போட்டார். மாமி சீலை உடுத்து, அதற்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு, மடியில் இரண்டு பெரிய தட்டு றோல்ஸோடு காரில் இருந்தார். முப்பது நிமிடம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியது. இரவு வேலை முடித்துப் போனவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். மனேச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு மாமி நீட்டிய தட்டைப் பார்த்தார், ஒரு றோல்ஸ் எடுத்தார். உறைப்பில் அவருக்குக் கண் கலங்கியது. மாமி மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மெட்டெக்கு உறைக்காமலே கண் கலங்கியிருந்தது. மஞ்சள் வெஸ்டை அடுத்து யார் எடுப்பது என்று கேட்டபோது வழக்கம்போல யாரும் கை தூக்கவில்லை. மாமா இரண்டு கையையும் கோட் பொக்கற்றுக்குள் வைத்திருந்தார். கடைசியில் வாளில் வேலை செய்கிற போலந்துக்காரன் மாரெக் தூக்கினான். மாமா அவனுக்கு அதைத் தானே போட்டுவிட்டார்.

தபாலில் பெட்டி ஒன்றும் வரவில்லை. சப்பாத்து இப்போது மாமாவின் கொட்டிலில் இருக்கிறது. ஓரம் உடைந்த நீலக் கோப்பை மாமியின் பூப்போட்ட கோப்பைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒன்பதே காலுக்குப் போனால் மாமா குசினியில் நின்றபடி அதில் கோப்பி குடிப்பதைப் பார்க்கலாம்.

“இருந்து குடியுங்கோவன்,” என்பார் மாமி. “இஞ்ச ஆரும் மணியடிக்கப் போறேல்லை.”

“ஓம் ஓம்,” என்பார் மாமா, நின்றபடியே.