கரைவலைக்கு ஒரு தடை உத்தரவு

கோட்டாட்சியராகப் பதவியேற்ற புதிதில் எனக்குக் கையெழுத்துப் போடுவதில் தனி மோகம். பச்சை மையைப் பார்த்தால் ஊரே அடங்கிவிடும் என்று நம்பினேன். தூத்துக்குடி பஜாரில் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டபோது போலீஸ் தடை உத்தரவு கேட்டார்கள். சட்டத்தில் பிரிவு எண் மாறிவிட்டாலும் எங்கள் வாயில் அது இன்னமும் ஒன் ஃபார்ட்டி ஃபோர்தான். ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாது.

சண்டை நடந்த தெருவுக்கு மட்டும் போட்டிருக்கலாம். என் அந்தஸ்துக்கு அது சின்னதாகப் பட்டது. கோட்டம் முழுவதும், இரண்டு மாதம் என்று சட்டம் தரும் உச்சவரம்பையே எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் கிடந்த பழைய டிராஃப்டில் தேதியை மட்டும் மாற்றிவிட்டு, ஏதோ சாதித்தவன்போல இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ரோஸ்லின் என்ற பெண் ஆபீசுக்கு வந்தார். கடற்கரைக் கிராமம். கணவர் மிக்கேல் கரைவலைக்காரர். படகில் போய் வலையைக் கடலில் வளைத்துவிட்டு, கரையிலிருந்து இருபக்கக் கயிற்றையும் முப்பது பேராவது சேர்ந்து இழுக்க வேண்டும். இழுக்கக் கூடி நின்றவர்களைப் போலீஸ் விரட்டிவிட்டது. மிக்கேல் ஸ்டேஷனில். வலை கடலில்.

முன்னெச்சரிக்கை நடவடிக்கை என்று விளக்கினேன். எனக்கே நன்றாக இருந்தது.

"சண்டை பஜார்ல, சார். எங்க கரையில என்ன நடந்துச்சுன்னு அவுகளப் பிடிச்சு வச்சிருக்கீய?"

காரணத்தை எழுதாமல் இந்த உத்தரவைப் போடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. தேர்வில் அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். என் உத்தரவில் அந்தக் கரைக்கு ஒரு வரிக் காரணம்கூட இல்லை.

ஜீப்பில் போனேன். கரையில் தள்ளித் தள்ளிக் கிடந்த இரண்டு கயிற்றிலும் நாலு நாலு பேர் மட்டும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஐந்தாவது ஆள் வராமல் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்தார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் ஷூவைக் கழற்றிவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். வலை அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "சார், இப்ப நீங்கதான் அஞ்சாவது ஆளு. மிக்கேல விடணுமா, உங்களையும் ஏத்தணுமா?"

கையெழுத்துப் போட்ட எனக்கே என் உத்தரவு மறந்துபோயிருந்தது. அசடு வழிய ஜீப் பானட்டில் பேப்பரை வைத்து எழுதினேன். பழைய உத்தரவு ரத்து. பஜாரில் அந்த ஒரு தெருவுக்கு மட்டும், காரணத்தோடு, ஒரு வாரம். மிக்கேலை உடனே விடும்படி சொன்னேன். விரட்டப்பட்டவர்கள் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தார்கள்.

மிக்கேல் போலீஸ் வண்டியில் வந்து இறங்கினார். நன்றி சொல்வார் என்று முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டேன்.

"இனி வலை இழுக்க உங்ககிட்ட பெர்மிஷன் வாங்கணுமா, சார்?"

"வேண்டாம்" என்று தாராளமாகச் சொன்னேன்.

"அப்ப இன்னைக்குக் காலையிலயும் வேண்டாந்தான?"

பதிலுக்கு நிற்காமல் அவர் கயிற்றுப் பக்கம் போய்விட்டார். நான் கொடுத்துவிட்டதாக நினைத்த எதுவும் என்னுடையதாக இருந்ததில்லை.