கிருமிக்கு அஞ்சும் பாக்டீரியா வியாபாரி

ஷட்டரைத் தூக்கிய கையோடு நவநீதன் கடைக்குள் ஃபினாயில் ஊற்றுகிறார். தரை, படி, மேசை, தராசுத் தட்டு எதுவும் தப்பாது. பிறகு கைக்கு சானிடைசர். ஸ்ரீரங்கத்திலிருந்து மன்னார்புரம் வரை பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் ஆடி ஆடி நின்றே வருகிற மனிதர். எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தபோதும் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

விற்பது பாக்டீரியா.

உளுந்து, கடலை விதைகளில் பூசும் உயிர் உரம். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரல் குழையும். "காத்துல தழைச்சத்து, அதான் நைட்ரஜன், கொட்டிக் கிடக்குங்க. செடிக்கு அதை எடுக்கத் தெரியாது. நம்ம பசங்க வேர்ல முடிச்சு போட்டு உக்காந்து எடுத்து ஊட்டுவானுங்க. செடி மக்கினா சத்து மண்ணுக்கு. வேற பசங்க அதைப் பிரிச்சு மறுபடி காத்துக்கே அனுப்புவானுங்க. லீவே இல்லாத டூட்டி!" கேட்பவருக்கு, இவர்தான் அவர்களுக்கு மேனேஜர் என்று தோன்றும்.

இலவச சேவையும் உண்டு. விதையைக் கொண்டுபோனால், ஆறிய கஞ்சியில் உயிர் உரத்தைக் கரைத்து அவரே பூசித் தருவார். அதற்குமுன் பிளாஸ்டிக் தொட்டியை ஃபினாயிலால் கழுவுவார், தண்ணீர் விட்டு அலசமாட்டார். "வாசனை இருந்தாத்தாங்க சுத்தம்." உங்கள் பசங்களும் அதில் செத்துப்போவார்களே என்று ஒருமுறை கேட்டேன். "அது கெட்ட கிருமியைத்தான் கொல்லுங்க" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

நேற்று நான் கடையில் இருந்தபோது மணப்பாறைப் பக்கத்திலிருந்து மாரியாயி வந்தார். நவநீதன் பூசிக் கொடுத்த உளுந்தை விதைத்தவர். பூக்கிற பருவத்தில் நிலம் முழுக்க இலைகள் மஞ்சளாக வெளுத்துவிட்டன. பிடுங்கி வந்த செடியை மேசைமேல் போட்டார்.

"யூரியா வேணாம், நம்ம பசங்க பாத்துப்பாங்கன்னீங்களே சார். எங்க உங்க பசங்க? இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நான் சித்தாள் வேலைக்குத்தான் போவணும்."

"பதறாதீங்கம்மா. விதையை வெயில்ல காய வெச்சிருப்பீங்க."

"நிழல்லதாங்க வெச்சேன். நீங்க சொன்னபடியேதான்."

நவநீதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மண் ஒட்டிய வேரை வெறுங்கையால் துழாவினார். வெகுநேரம் துழாவினார்.

"இதோ! இருக்கு பாருங்க முடிச்சு! நசுக்கினா உள்ள செவப்பா இருக்கும். உசிரோட வேலை பாக்கறான்னு அர்த்தம்."

நசுக்கினார். மாரியாயி குனிந்தார்.

"காட்டுங்க சார்."

அது மண் உருண்டை. பொடிந்து, கொஞ்சம் மேசையில் உதிர்ந்தது. மிச்சத்தை நவநீதன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தபடி நின்றார். விரலைப் பிரிக்கவே இல்லை.