திறந்து கிடந்த கேட்

என் கணவரின் தாத்தாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பில் ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. டெக்ஸஸில் ஒரு ராஞ்ச்சில், அதாவது கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேலி போட்ட மாட்டுப் பண்ணையில், பிறந்து வளர்ந்தவர். எண்பத்து நாலு வயதிலும் அங்கேயே தனியாக இருந்தார். அவருடைய மகன் ஹூஸ்டன் பக்கத்திலிருக்கும் சுகர் லேண்ட் நகரத்துக்கு வேலைக்கு வந்த இடத்தில், மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஒரு சென்னைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்தான் என் மாமியார். நானும் சென்னைதான். அதனால் அந்தக் குடும்பத்தில் ரசத்துக்குப் பஞ்சமே கிடையாது. தாத்தா அதைக் காபி கோப்பையில் ஊற்றி, நின்றபடியே குடிப்பார்.

கல்யாணமாகி நாலாவது மாதம், ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை, மாமனார், மாமியாரோடு முதல் முறையாக ராஞ்ச்சுக்குப் போனோம். ஃப்ரீவேயை விட்டு இறங்கியதிலிருந்து நான் சீட்டில் சரியாக உட்காரவே இல்லை. தாத்தா அதிகம் பேசமாட்டார் என்று கணவர் எச்சரித்திருந்தார். சுத்தப் பொய். தன் பழைய டிரக்கில் என்னை ஏற்றிக்கொண்ட மனிதர் இரண்டு மணி நேரம் வாயை மூடவில்லை. ஐந்து வயதில் குதிரையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாராம். கட்டுப் பிரிப்பதற்குள் மறுபடி ஏறி, மற்ற கையையும் முறித்துக்கொண்டாராம். பள்ளிக்கூட பஸ் வரும் ரோடு வரைக்கும் குதிரையில் போய், அதை மரத்தில் கட்டிவிட்டு பஸ் ஏறுவாராம். சாயங்காலம் வந்து பார்த்தால் அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கும், இவர் நடந்தே வர வேண்டும். ஒவ்வொரு மாட்டையும் முகம் பார்த்து அடையாளம் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பு. ஆனாலும் நான் விடாமல் கேள்வி கேட்டேன். கேட்க ஆள் கிடைத்த குஷி அவருக்கு.

அன்று சாயங்காலம் சமையலறையில் மாமியார் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

"அவருக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சும்மா. போன மாசம் ஸ்டவ்வை ஆஃப் பண்ணாம வெளில போயிட்டாரு. இன்னும் ஒரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா டிரக் சாவியை வாங்கிட்டு நம்மகூட கூட்டிட்டுப் போயிடறதுன்னு மாமா முடிவு பண்ணிட்டாரு."

தாத்தாவுக்கும் அது தெரியுமாம். எனக்கு மனசே கேட்கவில்லை. அந்த மனிதரை சுகர் லேண்ட் வீட்டின் பின்பக்கப் புல்தரையில் நிற்க வைத்து யோசித்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று தனியாக நடந்தேன். மேய்ச்சல் நிலத்தில் ஒரு கேட் ஆவென்று திறந்து கிடந்தது. சென்னையில் வளர்ந்தவளுக்குத் திறந்த கேட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தெரு மாடு உள்ளே வந்து செடியையெல்லாம் தின்றுவிடும் என்று அப்பா தினமும் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இழுத்து மூடி, சங்கிலியையும் மாட்டிவிட்டு, பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு திரும்பினேன்.

மறுநாள் காலை மாடுகளின் கதறல் வீடு வரைக்கும் கேட்டது. மாமனார் டிரக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறி நின்றுகொண்டேன். அதே கேட்டுக்கு அந்தப் பக்கம் மொத்த மந்தையும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு முட்டி மோதி நின்றது. தண்ணீர்க் குளம் இந்தப் பக்கம் இருந்தது. மாமனார் சங்கிலியைக் கழற்றியதும் அத்தனையும் புழுதி பறக்க எங்களைத் தாண்டிக் குளத்துக்கு ஓடின. டிரக்கே அதிர்ந்தது. நான் கைதட்டிக் கத்தினேன். என்னவென்றே புரியாமல் அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மதியச் சாப்பாட்டில்தான் புரிந்தது. கோடைக்காலத்தில் அந்த கேட்டை யாரும் மூடவே மாட்டார்களாம். ராஞ்ச்சில் கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்று என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லையே, அதுபோல இதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. நேற்று அந்தப் பக்கம் போனது நீங்கள் ஒருவர்தானே அப்பா என்று மாமனார் மெதுவாகக் கேட்டார். மாடுகளுக்கு உப்புக் கட்டி வைக்கப் போனது நிஜம்தான், ஒருவேளை மூடியிருப்பேனோ என்னவோ, ஞாபகமில்லை என்றார் தாத்தா. அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து டிரக் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாலு மாத மருமகள் நான். ஒரு நிமிஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பதற்றத்தில் வார்த்தை தமிழில்தான் வந்தது.

"அத்தை, கேட்டை மூடினது நான்தான்."

மாமியார் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். தாத்தாவைப் பார்த்து அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, தன்மேல் பாவப்பட்டு இதைச் சொல்கிறாயா என்று கேட்டார்.

நான் போனை எடுத்தேன். மூடிய கேட்டில் சாய்ந்து, சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நேற்று எடுத்த செல்ஃபி. உங்கள் மகள் மாட்டுக்காரி ஆகிவிட்டாள் என்று அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி, பல்லைக் காட்டி நிற்கும் என்னை விட்டுவிட்டு, சங்கிலியையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ நான் மறக்கல" என்றார். மகனிடம் ஒரு முறை, மாமியாரிடம் ஒரு முறை, அப்புறம் யாரிடமும் இல்லாமல் ஒரு முறை.

சாவி பைக்குள் திரும்பிப் போனது. அதற்கப்புறம் ஐந்து வருடம், கடைசி வரைக்கும், அவர் அங்கேதான் இருந்தார். நான் செய்த ஒரு தப்புக்காக யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.