அண்ணாச்சி ஆளும் மாநிலம்

என் தம்பி பலகாரக் கடையில் சேவு போடும் மாஸ்டர். பூனாவிலும் அவனுக்கு நல்ல வேலை வந்தது. அதை வேண்டாம் என்று சொல்லி, வடக்கே ஒரு மலை மாநிலத்துக்கு அவனை அனுப்பி வைத்தது அப்பாதான். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அந்த மாநிலத்து கவர்னர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

புதூர் வட்டாரத்தில் அவர் கால் படாத வீடு கிடையாது. சைக்கிளில் மைக் செட்டைக் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தித் திரிந்த ஆள். மூன்று கட்சி மாறினார், மூன்றிலும் தோற்றார், ஒருமுறை டெபாசிட்டும் போனது. ஆனால் தோற்ற மறுநாளே, ஓட்டுப் போடாதவன் வீட்டுக் காதுகுத்துக்கும் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுவார். என் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளி தூக்கினார். கடைசிவரை எம்.எல்.ஏ. ஆக முடியாத அந்த மனிதரை, டெல்லியில் யாருக்கு என்ன தோன்றியதோ, கவர்னர் ஆக்கிவிட்டார்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டார்கள். அப்பா ஆடுகளைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சால்வை போட்டு வந்தார்.

"அங்கன நம்ம அண்ணாச்சிதான் ராசா. நம்ம பயல ஒருத்தன் தொட முடியுமாட்டி?" என்று என்னிடம் கேட்டார். கவர்னர் என்றால் கையெழுத்துப் போடுகிறவர், ஆளுகிறவர் வேறு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். நான் படித்த படிப்பை அப்பா என்றைக்கு மதித்தார்!

தம்பி வேலை பார்த்த பலகாரக் கடை, ஆற்றங்கரைக் கடைத்தெருவில் இருந்தது. "யக்கா, இங்கன ஆறு எந்நேரமும் கத்திக்கிட்டே கெடக்கு. ஆறு கத்தும்னே எனக்கு இங்க வந்துதான் தெரியும்" என்று போனில் சிரிப்பான்.

ஆடிக் காற்று எங்கள் கரிசல் காட்டுப் புழுதியை எல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டிவியில் அந்தக் கடைத்தெருவைக் காட்டினார்கள். தெரு இல்லை, ஆறுதான் இருந்தது. மேலே மலையில் மழை கொட்டி, பாறையும் மரமுமாக இறங்கி வந்து வாரிக்கொண்டு போயிருந்தது. இங்கே மண் வெடித்துக் கிடக்கிறது, அங்கே என் தம்பியைத் தண்ணீர் கொண்டுபோகிறது. அவன் போன் அணைந்திருந்தது. கடை முதலாளி போனும் அணைந்திருந்தது. டிவியில் ஓடிய உதவி எண்ணை விரல் தேய அழுத்தினேன். ஒரே ஒருமுறை கிடைத்தது. எடுத்தவர் இந்தியில் ஏதோ கேட்டார், நான் தமிழில் அழுதேன், வைத்துவிட்டார்.

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை முதலாளி பாய், விஷயம் கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். "நேரத்தக் கடத்தாதீங்கம்மா. தம்பி போட்டாவ எடுத்துக்கிட்டு இப்பமே தாலுகா ஆபீஸுக்குப் போங்க. இங்கேருந்து கலெக்டர் மூலமா சொன்னாத்தான் அங்கன தேடுவாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா எரிந்து விழுந்தார். "ராசாவே நம்ம ஆளா இருக்கும்போது தாசில்தார்ட்ட போயி நிக்கச் சொல்லுதியா? நாம நாலு பக்கம் போயிச் சொன்னா அண்ணாச்சி சங்கடப்படமாட்டாரா?" ஒரு பெரிய மனிதரின் மனம் நோகக்கூடாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவரோடு போனேன். உதவி எண்ணில் அந்தக் குரலைக் கேட்ட பிறகு, நம் பேச்சுப் பேசுகிற ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதை என்னாலும் விட முடியவில்லை.

கவர்னரின் அக்கா கோவில்பட்டியில்தான் இருந்தார்கள். அந்த வீட்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா மனசு தங்கம், மோர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். "எந்தம்பி ஹெலிகாப்டர்ல சுத்திப் பாக்கப் போயிருக்கானாம், வந்ததும் கூப்பிடுவான்." மறுநாளும் அதையே சொன்னார்கள். அதற்கு மறுநாளும் போனோம். டிவியில் அவர் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கும்பிட்டபடி நடந்தார். "பாத்தியா, எறங்கிட்டாரு. இனிம விடமாட்டாரு" என்று அப்பா கண்ணைத் துடைத்தார். ஒரு வாரமே போய்விட்டது.

ஒருவழியாகப் போன் வந்தது. அந்த அம்மா அதை அப்பா காதில் வைத்தார்கள். எனக்கும் கேட்டது. மைக் செட்டில் கேட்ட அதே குரல்தான். "அண்ணாச்சி, நல்லாருக்கீங்களா? ஆடு குட்டியெல்லாம் எப்படி? அங்க மழ உண்டா?" அப்பா குலுங்கிக் குலுங்கி விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்கள்ட்ட என்னத்த மறைக்க? இங்கன என் கையில ஒண்ணுமில்ல. உத்தரவு போடுதவிய வேற. கூட்டிட்டுப் போற எடத்துக்குப் போயி நின்னு கும்பிட்டுட்டு வாரேன். நான் சொல்லிப் பாக்கேன். நீங்க நம்ம கலெக்டர்ட்ட மனு குடுத்துட்டீங்கள்லா?"

அப்பா போனை என் பக்கம் நீட்டினார். நான்தான் போனை வாங்கி இல்லை என்றேன். "அடடா... இவ்வளவு நாளாவா?" என்றார். அந்த ஆள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அன்றைக்கே தாலுகா ஆபீஸுக்கு ஓடினோம். அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது, அதுதான் கொடுமை. பெரியாஸ்பத்திரியில் மரபணு சோதனைக்கு அப்பாவிடம் ரத்தம் எடுத்தார்கள். கையை நீட்டிக்கொண்டு நர்ஸிடம், "தாயி, இது போயிச் சேர்ற வரைக்கும் அவன அங்கன வச்சிருப்பாங்கள்லா?" என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

ஐப்பசியில் பதில் வந்தது. ரத்தம் பொருந்திவிட்டது. கேட்டு வர ஆளில்லாத உடல்களை, மரபணு மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளம் வடிந்த சில நாட்களிலேயே ஆற்றங்கரையில் ஒன்றாக வைத்து எரித்துவிட்டார்கள். நாங்கள் மோர் குடித்துக்கொண்டு போனுக்குக் காத்திருந்த நாட்கள் அவை. தாலுகா ஆபீஸ் ஊழியர் ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சொன்னார். அரசு மரியாதையோடுதான் எரித்தார்களாம், கவர்னரே நேரில் வந்து மலர் வளையம் வைத்தாராம்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். பாதி வழியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பம் அவன் அனாதையாப் போகலட்டி. நம்ம ஆளு ஒருத்தரு பக்கத்துல நின்னுருக்காரு" என்றார்.

யாருக்கு வளையம் வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாதே அப்பா என்று கத்த வேண்டும் போலிருந்தது. "ஆமாப்பா" என்றேன்.